மானிடவியல், மூன்று யூனிட், 138 டாலர்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் எங்கள் அடுக்ககத்திலேயே குடியிருக்கும் ஒரு தம்பதி போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கிறாள். கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரியில், சேர்ந்து மானிடவியல் (மனிதர்களையும் அவர்களின் பண்பாட்டையும் பற்றிய படிப்பு) படிக்கப்போகிறேன் என்கிறாளாம். "அக்கா, இந்த ஏரியாவுல நீங்க ஒருத்தர்தான் அதைப் படிச்சிருக்கீங்க. அதுக்கு வேலை இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்றார் அம்மா. காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு பெற்றோரும் இருப்பார்கள்.

வேலை இருக்கிறது. ஆனால் விளம்பரத்தில் 'மானிடவியலாளர் தேவை' என்று போட்டிருக்காது. இரண்டு வருடப் படிப்போடு நிறுத்திக்கொண்டாலும் அந்த வேலைகளில் பெரும்பாலானவை கைக்கு வராது. இந்த இரண்டையும் முதலிலேயே தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

செலவைப் பற்றிப் பயமே வேண்டாம். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. படிப்பின் அளவை யூனிட் கணக்கில்தான் சொல்வார்கள். மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு யூனிட் 46 டாலர். ஒரு பாடம் மூன்று யூனிட் என்றால் 138 டாலர். நான் விருதுநகரில் பி.காம். முடித்து, கல்யாணமாகி, கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இங்கே வந்தவள். அந்த விசாவில் வேலை பார்க்கத்தான் தனி அனுமதி வேண்டும், படிக்க வேண்டியதில்லை. ஃப்ரீமாண்டில் உள்ள கம்யூனிட்டி காலேஜான ஓலோனி கல்லூரியில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போவதற்கென்றே 60 யூனிட்டில் மாற்றல் பட்டம் ஒன்று உண்டு. தகுதி மதிப்பெண்ணோடு அதை முடித்தால் கால் ஸ்டேட் எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஏதாவது ஒரு வளாகத்தில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. நமக்குப் பிடித்த வளாகம்தான் கிடைக்கும் என்று உறுதி கிடையாது.

பாடங்களில் என்னை முதலில் பிடித்துக்கொண்டது உயிரியல் மானிடவியல் ஆய்வகம். மேசை முழுக்க மண்டை ஓடுகளின் வார்ப்புகள். மனிதன், சிம்பன்சி, கொரில்லா, அப்புறம் எத்தியோப்பியாவில் 1974-இல் கிடைத்த, 32 லட்சம் ஆண்டுப் பழமையான, 'லூசி' என்று பெயரிட்ட ஆதி மனித இனத்துப் பெண்ணின் எலும்புகள். மண்டைக்கு அடியில் தண்டுவடம் நுழையும் துளை நடுவில் இருக்கிறதா, பின்தள்ளி இருக்கிறதா என்று பார்த்தால் அந்த உயிர் நிமிர்ந்து நடந்ததா என்று சொல்லிவிடலாம். இடுப்பெலும்பை வைத்து ஆணா பெண்ணா என்று கணிக்கலாம். கண்ணால் பார்த்து, விரலால் தடவி, காரணத்தோடு ஒரு முடிவுக்கு வரும் பழக்கம் அங்கேதான் எனக்கு வந்தது.

பண்பாட்டு மானிடவியல் வகுப்பில் ஒரு பொது இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுத்து வரச் சொன்னார்கள். நோட்டுப் பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும். வலப்பக்கம் நமக்குத் தோன்றியது. நான் ஃப்ரீமாண்டின் எலிசபெத் ஏரிக்கரைக்குப் போனேன். பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து, ஆறு மாதம் தங்கிப் போகும் நம் பெரியவர்கள் மாலையில் நடக்கும் இடம். 'தனிமையில் வாடுகிறார்கள்' என்று எழுதினால் அது வலப்பக்கம். 'சேலைமேல் ஸ்வெட்டர் போட்ட அம்மா, பெஞ்சில் இருந்த குஜராத்தி அம்மாவுக்குச் சைகையில் மருந்துச் சீட்டைக் காட்டினார், இருவரும் சிரித்தார்கள்' என்றால் இடப்பக்கம். எழுத எழுத இடப்பக்கம் நிரம்பியது. தனிமை என்று நாம் முடிவு கட்டிவிடுகிற இடத்தில் அவர்கள் பொது மொழி இல்லாமலே ஒரு ஊர்த் திண்ணையை அமைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் துறையின் உயிரே அந்தக் கோடுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

கல்லூரியின் பெயரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஓலோனி என்பது இந்த சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியின் ஆதிகுடிகளின் பெயர். ஃப்ரீமாண்டில் 1797-இல் ஸ்பானியர்கள் நிறுவிய கிறிஸ்தவ மடமான மிஷன் சான் ஹோசேயில் அவர்களை அடைத்து வேலை வாங்கினார்கள். அம்மை போன்ற நோய்களில் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். பிறகு பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பெரிய மானிடவியலாளர் ஆல்ஃபிரட் குரோபர், 1925-இல் வெளியிட்ட நூலில், நடைமுறையில் இந்த இனம் அழிந்துவிட்டது என்று எழுதினார். அப்போது அவர்கள் பக்கத்து ஊர்களில் உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்! இரண்டே ஆண்டில், 1927-இல், இவர்களுக்கு நிலம் வாங்கத் தேவையில்லை என்று ஓர் அரசு அதிகாரி எழுத, அமெரிக்க அரசின் அங்கீகாரமும் கைவிட்டுப் போனது. அவர்களின் வழிவந்த முவெக்மா ஓலோனி மக்கள் அதைத் திரும்பப் பெற இன்னும் போராடுகிறார்கள்.

இதைப் படித்த வாரம் எனக்குச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரர் ஆட்சியில் அங்கே கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நம் மக்களின் தலையையும் மூக்கையும் அளவெடுத்துச் சாதிவாரியாகக் கணக்குப் போட்டவர். அளக்கப்பட்டவர்களின் பேத்திகளில் ஒருத்தி நான். இன்னொரு ஊரில் அளக்கப்பட்டவர்களின் மண்ணில் உட்கார்ந்து அதே துறையைப் படிக்கிறேன். இது எனக்குச் சும்மா ஒரு பாடமாக இருக்க முடியாது.

கதை அதோடு முடியவில்லை. ஃப்ரீமாண்டுக்கு அடுத்த சுனோலில், சான் பிரான்சிஸ்கோ குடிநீர் வாரியத்தின் கட்டுமானப் பணிக்காகத் தோண்ட வேண்டியிருந்தது. சட்டப்படி தொல்லியலாளர்கள் வந்தார்கள், முவெக்மா மக்களும் உடனிருந்தார்கள். அங்கே கிடைத்த முன்னோர் எலும்புகளின் மரபணுவை இன்றைய முவெக்மா மக்களின் மரபணுவோடு ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வெளிவந்தது. சுமார் 2,000 ஆண்டுத் தொடர்ச்சி தெரிந்தது. ஒரு மானிடவியலாளர் அழிந்துவிட்டதாக எழுதியதை மானிடவியலே திருத்தியது, அந்த மக்கள் கேட்டுச் செய்யவைத்ததால்.

சரி, வேலைக்கு வருகிறேன். மேலே சொன்ன சுனோல் தோண்டல்தான் மானிடவியல் படித்தவர்களுக்கு இங்கே வேலை தரும் முக்கியமான துறை. பண்பாட்டு வள மேலாண்மை என்பார்கள். 1966-இன் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டமும் 1970-இன் கலிஃபோர்னியா சுற்றுச்சூழல் சட்டமும் அதற்கு அடிப்படை. சாலை, பாலம், குழாய், வீட்டுமனை என எதுவானாலும், அடியில் என்ன புதைந்திருக்கிறது என்று முன்கூட்டியே பார்க்க வேண்டிவரும். அதைச் செய்யத் தனியார் நிறுவனங்கள் நிறைய இருக்கின்றன. முவெக்மா மக்களே அப்படி ஒரு நிறுவனம் நடத்துகிறார்கள். தோண்டும்போது மனித எலும்பு தென்பட்டால் அந்த இடத்தில் வேலை நின்றுவிடும். கவுண்டியின் பிணக்கூறாய்வு அதிகாரிக்குத் தகவல் போகும். எலும்பு பூர்வகுடிகளுடையது என்றால் அவர் 24 மணி நேரத்தில் பூர்வகுடிகளின் மரபைக் காக்கும் மாநில ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும், ஆணையம் வழித்தோன்றல்களை அழைக்கும். அவர்கள் சொல்கிறபடி மரியாதை செய்ய வழி உண்டு.

கிரீன் கார்டு வந்த பிறகு நானும் இப்படி ஒரு நிறுவனத்தின் ஆய்வகத்தில் பகுதிநேரமாக வேலை பார்க்கிறேன். கூடவே சான் ஹோசே ஸ்டேட்டில் இளங்கலை. சல்லடையில் தங்கியதைக் கழுவி, பிரித்து, எடை போட்டு, எண் எழுதி உறையில் போடுவது என் வேலை. சிப்பி ஒரு பக்கம், மீன் முள் ஒரு பக்கம், கரிந்த விதை ஒரு பக்கம். எப்போதாவது நாபா பள்ளத்தாக்கிலிருந்து வந்த கருங்கண்ணாடிக் கல்லின் சில்லு, நத்தை ஓட்டில் செய்த மணி. முதுகு வலிக்கும். ஆனாலும் எனக்கு அலுக்கவில்லை.

களத் தொழிலாளியாகச் சேரப் பெரும்பாலும் இளங்கலைப் பட்டமும் களப்பயிற்சியும் கேட்பார்கள். தலைமையேற்று அறிக்கையில் கையெழுத்துப் போட முதுகலை வேண்டும். வேலை திட்டத்துக்குத் திட்டம் மாறும், மோட்டலில் தங்க வேண்டியிருக்கும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப்படி 2023-இல் மானிடவியலாளர், தொல்லியலாளர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம் 64,000 டாலருக்குக் கொஞ்சம் கீழே. இந்தப் பகுதி வாடகைக்கு அது குறைவு. பெற்றோரிடம் இதை மறைக்கக் கூடாது.

மென்பொருள் நிறுவனங்களில் பயனர் ஆய்வு என்று, ஒரு பொருளை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கிற ஒரு வேலை இருக்கிறதே, அதன் வேரும் இங்கேதான். பாலோ ஆல்டோவில் ஜெராக்ஸின் ஆய்வு மையத்தில் 1980-களில் லூசி சக்மன் என்ற மானிடவியலாளர், நகல் இயந்திரத்தை மக்கள் எப்படிக் கையாள்கிறார்கள் என்று வீடியோ எடுத்துப் பார்த்தார். கணினி அறிவியலில் பெரிய ஆட்களே அதில் திணறினார்கள். குறை ஆளிடம் இல்லை, இயந்திரம் மனிதரைப் புரிந்துகொள்ளும் விதத்தில்தான் அந்தக் குறை இருக்கிறது என்று காட்டினார். சம்பளம் நன்றாக இருக்கும், ஆனால் 2022, 2023 ஆட்குறைப்பில் இந்த வேலைகளும் போயின. எலும்புகளை வைத்து இறந்தவரை அடையாளம் காணும் தடய மானிடவியலில் இடங்கள் மிகக் குறைவு, நெடுங்காலம் படிக்கவும் வேண்டும். ஆனால் 2018-இல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரைக் காட்டுத்தீ விழுங்கி 85 பேர் இறந்தபோது, கால் ஸ்டேட்டின் சிக்கோ வளாகத்து மானிடவியலாளர்கள்தான் சாம்பலுக்குள் மனித எலும்பை அடையாளம் கண்டு குடும்பங்களிடம் சேர்க்க உதவினார்கள். மருத்துவமனை, பொது சுகாதாரம், அருங்காட்சியகம், பள்ளி என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

சேருகிற பிள்ளை முதல் இரண்டு ஆண்டில் புள்ளியியல் ஒரு பாடம், ஜிஐஎஸ் எனப்படும் கணினி வரைபடம் ஒரு பாடம், ஸ்பானிஷ் முடிந்த அளவு எடுத்துக்கொள்ள வேண்டும். கவுன்சிலரை ஒவ்வொரு செமஸ்டரும் பார்த்து, எந்தப் பாடம் எந்தப் பல்கலைக்கழகத்தில் செல்லும் என்று சரிபார்க்க வேண்டும். கோடைக் களப்பயிற்சிதான் கையைக் கடிக்கும். வெளிநாட்டுப் பயிற்சிகளுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் ஆகும். உள்ளூரில், யூனிட் கட்டணத்தில் நடப்பது ஏதாவது இருக்கிறதா என்று ஜனவரியிலேயே விசாரியுங்கள். நல்ல இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.