மைனஸ் 25-இல் எரியும் பக்: பேட்டரி படுத்திய பாடு

இருட்டில் ஐஸ் ஹாக்கி ஆட ஒளிரும் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் தட்டையான கறுப்பு வட்டு) செய்யப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்டது, "எந்த எல்.இ.டி. போடப் போகிறாய்?" என்றுதான். எல்.இ.டி.யைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பேட்டரியை முடிவு செய்யுங்கள். என் குளிர்காலத்தில் பாதியைத் தின்றது அதுதான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

நாங்கள் இருப்பது கனடாவின் வின்னிபெக்கில். டிசம்பரில் மாலை நாலரைக்கே சூரியன் போய்விடும். வேலை முடிந்து வந்து ஸ்கேட் கட்டும்போது கும்மிருட்டு. பக்கத்துத் திறந்தவெளி ரிங்க்கில் (பனிச்சறுக்குத் தளத்தில்) விளக்கை அணைத்த பிறகு கறுப்பு பக்கைத் தேடுவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும். கடையில் கிடைக்கும், வெளிச்சத்தில் வைத்தால் பச்சையாக மினுங்கும் பக் வீட்டுக்குள் பிரமாதமாக இருக்கும். வெளியே கொண்டுபோனால் சீக்கிரம் மங்கிவிடும். ஏறிய ஒளியை வெளியே விட அந்தச் சாயப்பொடிக்குக் கொஞ்சம் வெப்பம் வேண்டும். மைனஸ் 20-இல் அது எங்கிருந்து வரும்?

"தொலைக்காட்சியில் நீலமாக ஒளிர்ந்ததே, அதுபோல் செய்யேன்" என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். 1996-இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சி கொண்டுவந்த பக்கைச் சொல்கிறார். அது ஒளிரவே இல்லை! உள்ளே இருந்தவை கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள். நீல ஒளியைத் திரையில் வரைந்தது கணினி. அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது சாதாரண கறுப்பு பக்தான்.

சரி, நானே வார்ப்பது என்று ஆயிற்று. சிலிக்கோன் ரப்பர் அச்சு, ஒளி ஊடுருவும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக், இதெல்லாம் இணையத்தில் யாரும் கற்றுக்கொள்ளலாம். யாரும் சொல்லாத விஷயம் எடை. முறையான பக் 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், 156 முதல் 170 கிராம். அதே அளவைப் பாலியூரித்தேனில் வார்த்தால் 125 கிராம்கூட வராது. மட்டையில் பட்டதும் துள்ளிக்கொண்டு ஓடும். எஃகு வாஷர் வைத்து எடையைக் கூட்டலாம், ஆனால் நட்டநடுவில், இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் சுழலும்போது தள்ளாடும்.

பாலியூரித்தேன் விற்றவர் தந்த தாளில் கடினத்தன்மை அழகாகப் போட்டிருந்தது, 23 டிகிரியில் அளந்தது. மைனஸ் 25-இல் என்ன ஆகும் என்று கேட்டேன். "அதை ஏன் வெளியே எடுத்துப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டார். ஓரம் தெறித்த பக்கின் படத்தை அனுப்பியதற்குப் பதிலே இல்லை. நீங்கள் வாங்கும் முன் குறைந்த வெப்பநிலை விவரத்தை எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

இப்போது பேட்டரி. இணையத்தில் சுற்றும் வரைபடங்களில் பெரும்பாலும் இருப்பது சி.ஆர்.2032 என்ற நாணய பேட்டரி ஒன்றும் பச்சை எல்.இ.டி. சிலவும்தான். சமையலறை மேசையில் ஜொலித்தது. ரிங்க்கில் சீக்கிரமே மங்கியது. பேட்டரி உறையில் மைனஸ் 30 வரை வேலை செய்யும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். பொய்யில்லை, துளி மின்சாரம் கேட்கும் கடிகாரத்துக்கு வேலை செய்யும். குளிரில் அதன் உள்மின்தடை ஏறிவிடும். எல்.இ.டி.கள் இழுத்ததும் மின்னழுத்தம் விழுந்துவிடும். பச்சைக்குக் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். அதனால் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது, ஆனால் இருட்டில் நம் கண் சிவப்பைச் சரியாகப் பார்க்காது. பச்சைதான் வேண்டும். மறுபடி சார்ஜ் செய்யும், பை வடிவ லித்தியம் பாலிமர் பேட்டரியின் பக்கமே போகாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.

விடை சி.ஆர்.123ஏ என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரி. 17 மில்லிமீட்டர் தடிமன்தான், படுக்க வைத்தால் பக்குக்குள் அடங்கும், கடுங்குளிரிலும் மின்சாரம் தரும். இரண்டைத் தொடராக இணைத்தால் 6 வோல்ட், ஒவ்வொரு எல்.இ.டி.க்கும் ஒரு மின்தடை, வேலை முடிந்தது. ஒன்று 17 கிராம், எடைப் பிரச்சினையிலும் பாதி தீர்ந்தது.

ஆனால் வாங்க வேண்டுமே! சாலிடர் செய்யத் தகடு வைத்த செல்களை வேறு மாகாணத்தில் ஒருவரிடம் வாங்கினேன். பொதி ஊருக்கு வந்துவிட்டது, கிடங்கில் நிற்கிறது என்று செய்தி. ஊர்க்கோடியில் இருந்த கிடங்குக்குப் போனால், உள்ளே லித்தியம் இருக்கிறது, அனுப்பியவர் உரிய தாள் வைக்கவில்லை என்றார் ஊழியர். எந்தத் தாள் என்றேன். "அவரைக் கேளுங்கள்" என்றார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். அனுப்பியவரோ தாள் வைத்ததாகச் சத்தியம் செய்தார். அதன் நகலை வாங்கிக்கொண்டு மறுபடி போனால் வேறொருவர் இருந்தார். "அது நேற்றே திரும்பிப் போய்விட்டதே." அவ்வளவுதான்.

பிறகு தெரிந்துகொண்டது: சார்ஜ் ஏறாத இந்த வகை லித்தியம் செல் தனியாக வந்தால் அதன் அபாயச் சரக்கு எண் யு.என். 3090, கருவிக்குள் பொருத்தியதற்கும் கருவியோடு கட்டியதற்கும் 3091. முதல் வகையைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றவே முடியாது. தரைவழியில் மட்டும் அனுப்பச் சொல்லி வாங்குங்கள். எனக்குக் கடைசியில் கைகொடுத்தது உள்ளூர் கேமராக் கடை. பழைய ஃபிலிம் கேமராக்களுக்காக இந்த செல்களை வைத்திருந்தார்கள், அதுவும் தகடு வைத்தவை. அன்றைக்கு லாட்டரி அடித்த மாதிரி இருந்தது. தகடு இல்லாத செல்தான் கிடைக்கிறது என்றால் அதன் மேல் நேரடியாகச் சாலிடர் வைக்காதீர்கள், சூட்டில் வெடிக்கலாம். ஸ்பிரிங் வைத்த பெட்டியும் உதவாது. பலமாக அடித்தால் நொடிப்பொழுது தொடர்பு விட்டு விளக்கு அணையும்.

சுவிட்ச்சுக்குக் காந்தம் கொண்டு இயக்கும் ஹால் உணரி போட்டேன். கண்ணாடிக் குழாயில் வரும் ரீடு சுவிட்ச் அடி தாங்காது. வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை வேகமாக அணைத்து எரிய விடுபவர்கள் கவனிக்கவும்: விநாடிக்கு 100 முறை என்றால், விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் பக் 20 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியாகத் தெரியும். அழகுதான், ஆனால் கோல் காப்பவருக்கு எந்தப் புள்ளியைப் பிடிப்பது என்று தெரியாது. நேரடி மின்சாரமே மேல்.

இப்போது இரண்டு மணி நேர ஆட்டத்தை அசராமல் தாங்குகிறது. பனிமேட்டுக்குள் புதைந்தாலும் உள்ளிருந்து பச்சையாகக் காட்டிக்கொடுக்கிறது, அதற்காகவே செய்யலாம். ஆனால் பக் மட்டும் ஒளிர்ந்தால் ஆட்கள் மோதிக்கொள்வார்கள், ஆளுக்கொரு ஒளிப்பட்டை கட்டாயம். உறைந்த குளத்தில் ஆடுபவர்கள் பகலிலேயே பனிக்கட்டியைத் துளைத்துத் தடிமனை அளந்துவிடுங்கள். கூட்டமாக ஆட 20 சென்டிமீட்டர் வேண்டும் என்கிறது கனடா செஞ்சிலுவைச் சங்கம். பக்கை மேலே தூக்கி அடிப்பது, மட்டையை ஓங்கிப் பலமாக அடிக்கும் ஸ்லாப் ஷாட் இரண்டும் எங்களிடம் தடை. நசுங்கிய லித்தியம் செல் விளையாட்டில்லை. ஆட்டம் முடிந்ததும் கையுறையைக் கழற்றிப் பக்கைத் தொட்டுப் பாருங்கள். துளி சூடு தெரிந்தாலும் அது வீட்டுக்குள் வரக் கூடாது, வெளியே வெறும் பனியில் தள்ளி வையுங்கள்.