தசைநாண் அறுந்த விரலுக்கான மருத்துவம்

கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடு ஒன்றில் வயரிங்கைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது, ஆர்மர்டு கேபிளின் (உலோகக் கவசமுள்ள மின்கம்பியின்) மேலுறையைச் சீவிய கத்தி வழுக்கி என் இடது ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கியது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவரை வெட்ட இப்பகுதி வீட்டுக்காரர்கள் மனம் ஒப்புவதில்லை, அது நியாயமும்கூட. ஆகவே முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போகும் கேபிளை உத்தரத்தை ஒட்டியே கொண்டுசெல்கிறோம், ஏணியில் நின்றபடியே உறையை உரிக்கவும் நேர்கிறது.

காயம் சிறியது. சுத்தமான துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்ததும் ரத்தம் நின்றது. கொத்தனார் அண்ணன் பதறிப்போய்க் கொண்டுவந்த மஞ்சள்தூளை, காயத்தைக் கழுவ இடையூறாகும் என்று சொல்லி மறுத்தேன்.

முதலில் சென்ற மருத்துவமனையில் டெட்டனஸ் ஊசி போட்டுத் தோலைத் தைத்து அனுப்பினார்கள்; விரலை மடக்கச் சொல்லிப் பார்க்கவில்லை. கையில் வெட்டுப்பட்ட ஒவ்வொருவரும் கேட்டுப் பெற வேண்டிய சோதனை அது. நடுக்கணுவை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொல்ல வேண்டும். ஆழத்திலுள்ள தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைத்து விரலை மடக்கும் நாண், முழுவதும் அறுந்திருந்தால் நுனி மடங்காது. விரலின் இரு பக்கங்களிலும் தொட்டுப் பார்த்தால் உணர்வு நரம்பின் நிலையும் தெரியும். அன்று மாலையே எனக்கு நுனி மடங்காததைக் கண்டு, மறுநாள் மதுரையில் கை அறுவை மருத்துவரிடம் சென்றேன். நாள் கடந்தால் அறுந்த முனை உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப்போய் இணைப்பது கடினமாகும் என்று அவர் விளக்கி, தாமதமின்றி அறுவை செய்தார்.

உண்மையான பொறுமை அதற்குப் பிறகுதான் தேவைப்பட்டது. மணிக்கட்டும் விரல்களும் நிமிராதபடி புறங்கைப் பக்கமாகச் சிம்பு (அசையாமல் தாங்கும் பட்டை) வைத்துக் கட்டினார்கள். விரலை அசைக்காமலே விட்டால் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொள்ளும், வலிந்து அசைத்தால் தையல் அறுந்துவிடும். ஆகவே பிசியோதெரபிஸ்ட் காட்டிய அளவுக்கு மட்டும், காட்டிய நேரங்களில் தவறாமல் பயிற்சி செய்தேன். வலி குறைந்த பிறகும் தையல் வலுவற்றே இருக்கும் என்பதால், 6 வாரம் சிம்பைக் கழற்றவில்லை, 12 வாரம் வரை பளு தூக்கவில்லை.

வேலையின்போது நேர்ந்த காயத்துக்கு, அப்போது நடைமுறையிலிருந்த 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி, தற்காலிகமாக வேலை செய்ய இயலாத காலத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் 25 விழுக்காடு பெற முடிந்தது. ஒப்பந்ததாரர் தயங்கினார், விபத்து நடந்த நாளும் இடமும் எழுதப்பட்டிருந்த முதல் மருத்துவச் சீட்டைக் காட்டிய பின் கொடுத்தார். கத்திக்குப் பதிலாகக் கேபிள் ஸ்ட்ரிப்பரும் வெட்டுத் தாங்கும் கையுறையும் கேட்டோம். அவற்றையும் வாங்கித் தந்திருக்கிறார்.