உண்ணி மருந்தும் எங்கள் வீட்டுப் பூனையும்

தோல் என்றால் எங்கள் பக்கத்தில் ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஷாப்புதான் ஞாபகம் வரும். நாய்த் தோல் வேறு, பூனைத் தோல் வேறு என்று போன அக்னி நட்சத்திரம் வரை நான் யோசித்ததே இல்லை.

காட்பாடி வெயிலில் எங்கள் நாய் மணிக்கு உண்ணி ஏறிவிட்டது, காதுக்குள், விரலிடுக்கில், எங்கே தொட்டாலும் கொத்துக் கொத்தாக. கழுத்தில் சொட்டு விடுகிற மருந்து வாங்கி வந்தேன். டியூபில் கொஞ்சம் மிச்சம், பூனையும் மணி மேலேயே சாய்ந்து தூங்குகிற ஜென்மம், சரி என்று அதற்கும் இரண்டு சொட்டு விட்டேன். கடையில் கேட்டபோது "தாராளமா விடலாம்" என்றார்கள். பூனைக்குக் கூடாது என்று அட்டையில் பொடி எழுத்தில் இருந்ததை நானும் படிக்கவில்லை.

ராத்திரி பூனைக்குக் காது துடித்தது, அப்புறம் பின்னங்கால் நடுங்கியது. டாக்டர் போனில் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவி, துண்டில் சுற்றி ஆட்டோவில் ஓடினோம். இரண்டு நாள் ஊசி, குளுக்கோஸ். பிழைத்தது.

அந்த மருந்தில் இருப்பது பெர்மெத்ரின். நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியே தள்ளிவிடும். பூனைக்கு அந்த வேலையைச் செய்யும் நொதி மிகக் குறைவு. போதாததற்கு நாளெல்லாம் உடம்பை நக்குகிற பிராணி, தோலில் பட்டதெல்லாம் வயிற்றுக்குத்தான் போகும். வீடு துடைக்கிற பினாயிலும் அப்படித்தான், ஈரத்தில் நடந்துவிட்டு உட்கார்ந்து பாதத்தை நக்கும்.

அரிப்பைக் காட்டுவதிலும் இரண்டும் வேறு. தெள்ளுப்பூச்சியின் எச்சில் ஒத்துக்கொள்ளாவிட்டால் நாய் வாலடியையும் இடுப்பையும் ஊரறியக் கடித்துக் குதறும், முடி கொட்டி சிவந்துபோகும். பூனை சத்தமே காட்டாது. கழுத்திலும் முதுகிலும் கைவைத்துத் தடவினால் கேழ்வரகு மாதிரி பொடிப் பொடிப் பொருக்கு தட்டுப்படும். மறைவாகப் போய் நக்கி நக்கியே வயிற்று முடியை வழித்துவிடும். வெயிலுக்கு முடி உதிர்கிறது என்று நானே ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாய்த் தோல் ஒன்றும் முரடு இல்லை, மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியதாம். நம் தோலில் அமிலத்தன்மை அதிகம், அதற்கு அவ்வளவு இல்லை. என் ஷாம்பூவைப் போட்டுக் குளிப்பாட்டியதில்தான் மணிக்குப் பொடுகு வந்திருக்கிறது.

இப்போது மணிக்கு உண்ணிக்கு மாத்திரைதான். பூனை அதன் முதுகில் தூங்குவதை விடாது என்பதால், அந்தச் சொட்டு மருந்து வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.