பூட்டிய மின்னூலும் இரவல் கொடுக்கும் ஊரும்

தருமபுரி போன்ற ஊரில் ஒருவர் நல்ல நாவல் ஒன்றை விலை கொடுத்து வாங்கினால், நான்கைந்து பேராவது அதைப் படித்துவிடுவார்கள். என் அலமாரியில் உள்ள ஒரு சிறுகதைத் தொகுப்பின் முதல் பக்கத்தில் வாங்கியவரின் பெயர் நீல மையில் இருக்கிறது. அதன் கீழே பாலக்கோட்டு ஆசிரியர் ஒருவரின் கையெழுத்து பென்சிலில் இருக்கிறது. கடைசிப் பக்கங்களுக்கு நடுவே பென்னாகரம் பேருந்துச் சீட்டு ஒன்று செருகியிருக்கிறது. எழுதியவருக்கு ஒரு பிரதிக்கான உரிமைத்தொகைதான் கிடைத்திருக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு பிரதியைப் படித்தவர்கள் அவருடைய அடுத்த நூல்களைத் தேடிப் பிடித்து வாங்கியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2016-ஆம் ஆண்டின் இறுதியில் அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கியபோது எங்களைப் போன்ற மாவட்டத்துக்காரர்கள் மிகவும் மகிழ்ந்தோம். இலக்கிய நூல் ஒன்றுக்காகச் சேலத்துக்கோ சென்னைக்கோ சொல்லியனுப்பிக் காத்திருந்தவர்களுக்கு, பணம் கட்டிய மறு நிமிடமே நூல் கைக்கு வருவது பெரிய வசதி. அந்த வசதியோடு சேர்ந்து வந்த பூட்டைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டிஆர்எம் எனப்படும் இந்தப் பூட்டு, நூலின் கோப்பைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து, அதைத் திறக்கும் சாவியை வாங்கியவரின் கணக்கோடும் சாதனத்தோடும் கட்டிவிடுகிறது. ஆகவே நாம் பணம் கொடுத்துப் பெறுவது படிப்பதற்கான உரிமம் மட்டுமே. விற்பவரின் நிபந்தனைகளிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், இத்தகைய உரிமத்தை விற்பவர்கள் ‘வாங்குங்கள்’ என்ற சொல்லைப் பயன்படுத்தினால், கிடைப்பது உரிமம்தான் என்பதையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

உரிமம் பறிபோகும் என்பது வெறும் அச்சமன்று. 2009 ஜூலையில், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரிந்ததும், ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ உள்ளிட்ட நூல்களை வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து அமேசான் தொலைவிலிருந்தே நீக்கியது. பணம் திரும்பி வந்தது. பின்னர் மன்னிப்பும் கேட்டார்கள். 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது வாங்கிய நூல்கள் அனைத்தும் மறைந்தன. அங்கேயும் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ள இருந்த வழியையும் 2025 பிப்ரவரியில் அமேசான் அடைத்துவிட்டது.

இவற்றையெல்லாம்விட என்னை அதிகம் வருத்தியது வீட்டில் நடந்த ஒன்று. அரூரில் இருக்கும் என் பெரியம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. கைப்பேசி தமிழை உரக்கப் படிக்கும் வசதியைப் போட்டுக்கொடுத்ததிலிருந்து, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் நூல்களை அவர் மணிக்கணக்காகக் கேட்கிறார். அவருக்காக ஒரு விற்பனையாளரிடம் புதிய நாவல் ஒன்றை வாங்கி, அவர்களின் செயலியில் திறந்தேன். கைப்பேசி “பக்கம் பன்னிரண்டு, பக்கம் பதின்மூன்று” என்று பக்க எண்ணை மட்டும் சொல்லிக்கொண்டே போயிற்று. எழுத்தைத் தொடவோ நகலெடுக்கவோ பூட்டு விடவில்லை. உதவிக்கு எழுதிய கடிதத்துக்கு, பதிப்பாளரின் விருப்பம் அது என்று ஒரு வரியில் பதில் வந்தது.

சட்டம் இவ்வளவு கடுமையாக இல்லை என்பதுதான் வேதனை. 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்று 65ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதே திருத்தம், மாற்றுத்திறனாளிகள் அணுகத்தக்க வடிவில் நூல்களை ஆக்கிக்கொள்ளவும் இடம் கொடுத்தது. பார்வையற்றோருக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடும் இந்தியாதான். சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தப் பூட்டை உடைக்கும் நுட்பம் தெரிந்திருக்க வேண்டும் என்றால், அரூரில் அந்த உரிமை யாருக்குப் பயன்படும்?

எழுத்தாளர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. சில நூறு பிரதிகள் விற்பதே பெரும்பாடாக இருக்கும் மொழியில், நூல் வெளிவந்த சில நாட்களிலேயே டெலிகிராமில் பிடிஎஃப் சுற்றுவது நேரடியான திருட்டு. அப்படி வந்த கோப்பை நான் திறப்பதில்லை. ஆனால் என் கண்ணில் பட்ட அத்தகைய கோப்புகளில் பெரும்பாலானவை, பக்கம் கோணலாக, ஓரத்தில் கட்டைவிரல் தெரிய, அச்சு நூலிலிருந்து படமெடுத்தவை. மின்னூலில் போட்ட பூட்டு அவற்றை எப்படித் தடுக்கும்? அறிபுனைவு நூல்களை வெளியிடும் டோர் நிறுவனம் 2012-இல் தன் மின்னூல்களிலிருந்து பூட்டை எடுத்துவிட்டது. அதனால் திருட்டு கூடியதாகத் தெரியவில்லை என்று அடுத்த ஆண்டு அவர்களே அறிவித்தார்கள்.

தமிழில் பூட்டில்லாத நூல்கள் புதியவையல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், பிறரோடு பகிர அனுமதிக்கும் படைப்பாக்கப் பொதும (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில் நூல்களைத் தரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளமும் இதைத்தான் செய்துவருகின்றன. அவை இலவசம். விலைக்கு விற்கும் நூலிலும் இது முடியும்: வாங்கியவரின் பெயரை ஒவ்வொரு கோப்பின் முதல் பக்கத்திலும் பதித்து, பெரும்பாலான படிப்புச் செயலிகளில் திறக்கும் ஈபப் என்ற பொது வடிவில் நேரடியாகக் கொடுத்தால் போதும். தன் பெயர் பொறித்த நூலை எவரும் பொதுவெளியில் கொட்டத் தயங்குவார்கள். வீட்டில் ஒருவருக்குக் கொடுக்கத் தயங்க மாட்டார்கள். தருமபுரி புத்தகத் திருவிழாவில் அரங்கு போடும் பதிப்பாளர்களிடம் இனி இதைக் கேட்கப் போகிறேன். அச்சு நூலின் முழு விலையையே வைத்தாலும் அத்தகைய கோப்பை வாங்க நான் தயார்.