ஷோவா 14-இல் ஒரு மூங்கில் தோப்பு

போன ஞாயிற்றுக்கிழமை ஜிம்போச்சோ பக்கம் போயிருந்தேன். டோக்கியோவில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி அது. மரப்பலகை அச்சுப் படங்கள் விற்கும் ஒரு கடையில் யோஷிதா ஹிரோஷியின் 'மூங்கில் தோப்பு' மேஜைமேல் இருந்தது. யோஷிதா எனக்குப் பழக்கமானதே எங்கள் ஊரால்தான். இந்தியாவில் சுற்றிவிட்டுப் போய் மதுரைக் கோயிலையும் அச்சாக்கியவர் அவர்.

நெருக்கியடித்து நிற்கும் மூங்கில்கள், நடுவே கசியும் வெளிச்சம். இடது ஓரத்தில் பொடி எழுத்தில் ஷோவா 14 என்று போட்டிருந்தது. ஷோவா என்பது அப்போதைய ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கு. ஷோவா 1 என்றால் 1926. விரல்விட்டு எண்ணினேன், 1939! சுருக்கென்றது. சீனாவோடு போர் மூண்டு இரண்டு வருடம் ஆன நேரம். அந்த வருடங்களில் யோஷிதாவே போர் ஓவியராகச் சீனாவுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். போர்க்காட்சிகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய அதே கைதான் இந்தத் தோப்பையும் வரைந்திருக்கிறது.

போர் மூண்ட 1937-இல் வந்தது, நிக்கோ ஊர்க் கோயில் வாசலைக் காட்டும் அவருடைய 'யோமேய் வாசல்' அச்சுப் படம். அந்தப் படத்துக்காக ஒரே தாளை 96 தடவை நிறம் பூசிய பலகையில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். அதுவரை தாளின் ஈரம் போகக் கூடாது. காய்ந்தால் சுருங்கிவிடும், சுருங்கினால் அடுத்த நிறம் கோட்டைத் தாண்டி வழியும். நாட்டில் அப்படியொரு வருடம் நடக்கும்போது ஒரு பட்டறையில் இவ்வளவு பொறுமை இருந்திருக்கிறது என்பதை என்னால் சும்மா கடந்துபோக முடியவில்லை.

அதே காலத்தில் அச்சுப் படங்கள் செய்த கவாசே ஹசுயி எனக்கு இன்னும் பிரியமானவர். 1923 டோக்கியோ நிலநடுக்கத் தீயில் தன் குறிப்பேடுகளை இழந்தவர். 1944-இல் டோக்கியோவை விட்டு ஷியோபாராவுக்குக் குடிபெயர்ந்தவர். ஆனால் 1939-இல் அவர் வெளியிட்ட 'கொரியாவின் எட்டுக் காட்சிகள்' எனக்கு உறுத்துகிறது. 1910-இலிருந்து ஜப்பான் தன் பிடியில் வைத்திருந்த நாடு அது. அந்தப் பிடி படங்களில் எங்கேயும் தெரியாது. ஊர் பார்க்க வந்தவரின் கண்ணில் படும் அமைதிதான் இருக்கும். போர்க்காலத்தில் அழகை வரைந்ததே பெரிய விஷயம் என்று நண்பர்கள் சொல்வார்கள். யாருடைய மண்ணின் அழகு என்று நான் கேட்பேன். கேட்டுவிட்டு, சரி, மறுபடியும் அதே படங்களைத்தான் எடுத்துப் பார்ப்பேன்.

கடைக்கார அம்மா நான் நெடுநேரம் நிற்பதைப் பார்த்துவிட்டு, தாளை இரண்டு கையாலும் தூக்கி மெல்லத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பச்சை ஊறி வந்திருந்தது. அதன்மேல் வட்ட வட்டமாகத் தேய்த்த தடம். தேய்க்கிற பாரென் என்ற வட்டத் தட்டின்மேல் சுற்றுவதும் மூங்கில் மடல்தான் என்றார்.

விலை என் கைக்கு எட்டவில்லை. ஒரு ஓரத்தில் மட்டும் தடம் சற்று அழுத்தமாக விழுந்திருந்தது. கடை சாத்தும் நேரம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.