புறப்பட்டவர்கள் பட்டியல் இங்கே இல்லை

பெல்ஜியத்தின் அன்ட்வெர்ப் சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினால் முதலில் அண்ணாந்து பார்க்கத்தான் தோன்றும். வெளியே போகும் வழியெல்லாம் அப்புறம்தான். 1905-இல் கட்டி முடித்தது. படிக்கட்டு, பளிங்கு, உச்சியில் குவிமாடம் என்று, ஏதோ கோயில் மண்டபத்துக்குள் தண்டவாளம் போட்டது மாதிரி இருக்கிறது. வாயைத் திறந்தபடி நின்றவனின் குதிகாலில் யாரோ ஒருவரின் பெட்டிச் சக்கரம் ஏறியது. மன்னிப்புக் கேட்டது நான்தான்.

நவம்பர் மாதம். மழை என்றும் சொல்ல முடியாது, தூறல் என்றும் சொல்ல முடியாது. காலருக்குள் மட்டும் குறிபார்த்து இறங்கும் ஏதோ ஒன்று. கூட்டிப் போக சித்தப்பா வந்திருந்தார். என் சித்தப்பா இல்லை, நண்பனுடைய சித்தப்பா. ஊர் பருத்தித்துறை. ஏறக்குறைய நாற்பது வருடமாக ஐரோப்பாவில் இருக்கிறார். குடையை என் கையில் திணித்துவிட்டுத் தன் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டார்.

"சொக்லேட் கடை பாக்கேல்லை, வைரக் கடை பாக்கேல்லை. கப்பல் கொம்பனியின்ரை பழைய கொட்டிலையோ பாக்கப் போறீர் தம்பி?"

கொட்டிலைத்தான். ரெட் ஸ்டார் லைன் என்ற கப்பல் கம்பெனியின் சரக்குக் கொட்டகைகள் இப்போது அருங்காட்சியகமாக இருக்கின்றன. நான் ஒரு கல்லூரி நூலகத்தில் அட்டவணைப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஊர் சுற்றப் போனாலும் பதிவேடுகள் இருக்கும் இடத்துக்கே கால் போகிறது. வீட்டில் இதற்குத் தனியாக ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அது இங்கே வேண்டாம்.

ஸ்டேஷனை ஒட்டியே வைரத் தெருக்கள். பெயர்ப் பலகைகளில் குஜராத்திப் பெயர்கள். பாலன்பூர்ப் பக்கத்து ஜைனக் குடும்பங்கள் இங்கே வந்து இந்தத் தொழிலில் பெரிய ஆட்களாகிவிட்ட கதை ஊரறிந்தது. அதைத் தாண்டி அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தால் பழைய துறைமுகப் பகுதி. வழியில் சிவப்புப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்று திருப்பி அடுக்கியது போல ஒரு கட்டடம் நின்றது: மாஸ் அருங்காட்சியகம். சுவரில் கைவைத்துப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த கல். விசாரித்தால், இந்தியாவிலிருந்து வந்த செம்மணற்கல்லாம். "கல்லுக்கு விசா கேக்கிறேல்லை" என்றார் சித்தப்பா.

ரெட் ஸ்டார் லைன் 1873-இல் இருந்து 1934 வரை கப்பல் விட்டது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே ஏறி அட்லாண்டிக்கைக் கடந்திருக்கிறார்கள். பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பியர்கள். அவர்களில் ஏராளமானோர் யூதர்கள். ரயிலில் நாள்கணக்கில் வந்து இறங்கி, துறைமுகத்தை ஒட்டிய மலிவு விடுதிகளில் தங்கி, இந்தச் செங்கல் கொட்டகைகளுக்குள் வரிசையில் நின்றவர்கள். 2013-இல் அதே மூன்று கட்டடங்களை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள்.

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பயணிகள் இந்த வாசலையே மிதிக்கவில்லை. மூன்றாம் வகுப்புக்குத்தான் இவ்வளவும். துணிகளை வாங்கி நீராவிக் கொப்பரையில் போடுவார்கள். பேன் போவதற்காக வெந்நீரோடு வினிகரும் பென்சீனும் கலந்து குளிக்க வைப்பார்கள். அப்புறம் மருத்துவர். இவ்வளவு அக்கறைக்குக் காரணம் கருணை இல்லை. குடியேற வருபவர்களை நியூயார்க் துறைமுகத்தில் சோதித்த எல்லிஸ் தீவில், நோயாளி என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அந்தச் செலவு கப்பல் கம்பெனியின் தலையில் விழும். அதனால் அமெரிக்கா செய்யப்போகும் சோதனையைக் கம்பெனியே முன்கூட்டி இங்கே நடத்தியது.

எல்லோரும் பயந்தது கண் சோதனைக்கு. டிராக்கோமா என்ற கண்நோய் இருக்கிறதா என்று இமையைப் புரட்டிப் பார்ப்பார்கள். எல்லிஸ் தீவில் சில மருத்துவர்கள் இதற்குப் பயன்படுத்தியது பொத்தான் மாட்டும் கொக்கி. அக்காலத்துப் பூட்ஸ்களில் வரிசையாகப் பொத்தான் இருக்குமே, அதை இழுத்து மாட்டுகிற கொக்கி. ஒரு கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றபோது என் கை தானாகக் கண்ணுக்குப் போனது.

அருங்காட்சியகம் சொல்லும் கதைகளில் ஒன்று ஒரு சிறுமியுடையது. 1922-இல் பிரெஸ்ட் நகரத்திலிருந்து தாயுடனும் உடன்பிறந்தவர்களுடனும் வந்தவள். வயது ஒன்பது. எல்லிஸ் தீவில் டிராக்கோமா என்று இவளை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்ட்வெர்ப்பில் தனியாக இருந்து வைத்தியம் பார்த்துக்கொண்டு மறுபடி போனாள், மறுபடியும் திருப்பினார்கள். கடைசியில் 1927-இல்தான் உள்ளே விட்டார்கள். இதே கம்பெனியின் கப்பலில் 1933 மார்ச்சில் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே இறங்கிய ஐன்ஸ்டீன், இனி ஜெர்மனிக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துக் கப்பலின் தாளிலேயே பிரஷ்ய அகாதமிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதினார். அந்தக் கதையைச் சுற்றித்தான் கூட்டம் நின்றது. எனக்கென்னவோ அந்தப் பெண்ணைவிட்டு நகர மனம் வரவில்லை.

ஓரிடத்தில் கணினிகள். பெயரைக் கொடுத்துத் தேடலாம். பக்கத்தில் நின்ற பணியாளரிடம் எனக்குத் தெரிந்த ஒரே கேள்வியைக் கேட்டேன்: புறப்பட்டவர்களின் பட்டியல் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

அவர் சிரித்தார். அன்ட்வெர்ப்பின் புறப்பாட்டுப் பட்டியல்கள் அநேகமாக எல்லாமே அழிந்துவிட்டன. 1855-க்கு உரியது போல ஏதோ கொஞ்சம்தான் மிச்சம். சரி, பிறகு எப்படித் தேடுவது? நியூயார்க்கில். இங்கே கப்பல் கம்பெனி குமாஸ்தாக்கள் பயணிகளைக் கேட்டுக் கேட்டு எழுதிய தாள் கப்பலோடு போய் அங்கே அமெரிக்க அதிகாரிகளின் கைக்குச் சேர்ந்தது. அதனால் பிழைத்தது. எழுதியது இங்கே, இருப்பது அங்கே.

திரையில் அப்படி ஒரு தாளைத் திறந்து பார்த்தேன். சாய்ந்த கையெழுத்தில் பெயர், வயது, தொழில், படிக்கத் தெரியுமா, கப்பல் கட்டணம் யார் கொடுத்தது, கையில் 50 டாலர் இருக்கிறதா, இல்லையென்றால் எவ்வளவு. அதற்குப் பிறகு, நீ பலதார மணம் செய்பவனா, நீ அராஜகவாதியா என்று இரண்டு கேள்விகள். வரிசையாக இல்லை, இல்லை, இல்லை என்று எழுதியிருந்தது. ஆமாம் என்று சொன்ன அப்பாவி யாராவது இருந்திருப்பாரா என்று யோசித்தேன்.

ஜெர்மன் துறைமுகங்களில் ஹாம்பர்க் 1850-இல் இருந்து 1934 வரையிலான தன் பட்டியல்களைப் பத்திரமாக வைத்திருக்கிறது. பிரேமனில் இடம் இல்லை என்று அவ்வப்போது அழித்துவிட்டார்கள். 1920-க்கு முந்தையவை பெரும்பாலும் போயின. இடம் இல்லை! இந்தச் சாக்கு எங்கள் நூலகத்திலும் வாரம் ஒருமுறை கேட்பதுதான். நம் கதையும் இதே மாதிரிதான்: 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டங்களுக்குப் போனவர்கள் யார் யார் என்று பார்க்க வேண்டுமானால் தென்னாப்பிரிக்காவில் இருக்கும் பட்டியலைத்தான் புரட்ட வேண்டும்.

பத்து நிமிட நடையில் நகர ஆவணக்காப்பகம். பழைய கிடங்கு ஒன்றில் 2006-இல் இருந்து இயங்குகிறது. கட்டடத்தின் நடுவே ஒரு தெருவே ஊடுருவிப் போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இந்த நகரில் வந்து தங்கிய வெளிநாட்டவர்களைப் பற்றி போலீஸ் திறந்த கோப்புகள் இங்கே இருக்கின்றன. எங்கிருந்து வந்தார், என்ன வேலை, எந்தத் தெருவில் தங்கினார், எப்போது போனார். சந்தேகத்தின் பேரில் எழுதியவை, இன்று பேரப்பிள்ளைகள் ஆசையோடு தேடும் தாள்களாகிவிட்டன.

இப்படி ஒரே ஆளின் வாழ்க்கை மூன்று நான்கு நாடுகளில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பிறப்புப் பதிவு ஒரு நாட்டில், போலீஸ் கோப்பு இன்னொன்றில், கப்பல் தாள் கடலுக்கு அப்பால். ஒரு காப்பகம் 'குடிபெயர்ந்தவர்' என்று தலைப்புப் போட்டு வைத்திருக்கும் அதே மனிதரை இன்னொன்று 'குடியேறியவர்' என்று வைத்திருக்கும், மூன்றாவது 'அந்நியர்' என்று. ஊர்ப் பெயர்கள் அதைவிட மோசம். லெம்பெர்க், லுவூஃப், லிவிவ் மூன்றும் ஒரே ஊர். நம் சிறுமியின் பிரெஸ்ட் அவள் கிளம்பும்போது போலந்தில் இருந்தது, இன்று பெலாரஸில் இருக்கிறது.

இதையெல்லாம் ஒட்டவைக்கும் வேலையைத்தான் யூரோப்பியானா என்ற ஐரோப்பிய இணையதளம் செய்கிறது. 2008 நவம்பரில் தொடங்கிய அன்றே கூட்டம் தாங்காமல் படுத்துவிட்ட தளம். பொருள் எதையும் இது வைத்துக்கொள்வதில்லை. ஆயிரக்கணக்கான அருங்காட்சியகங்கள், நூலகங்கள், காப்பகங்களின் விவரக் குறிப்புகளை ஒரே தேடலில் காட்டி, மூல இடத்துக்கு வழி சொல்கிறது. 2012-இல் அந்தக் குறிப்புகளை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். 'குடிபெயர்வு' என்ற கருத்துக்கு ஓர் அடையாள எண் கொடுத்து, எல்லா மொழிச் சொல்லையும் அதன் கீழே கட்டிவிட்டால், ஜெர்மனில் தேடுபவருக்குப் போலிஷ் மொழிக் குறிப்பும் கிடைக்கும். கேட்பதற்குச் சலிப்பான வேலை. செய்பவனுக்குத்தான் தெரியும், அந்த எண்ணை எந்தச் சொல்லுக்கு ஒட்டுவது என்பதில் எத்தனை சண்டை வரும் என்று.

2018 ஐரோப்பியப் பண்பாட்டு மரபு ஆண்டு. அந்த வருடம் குடிபெயர்வு என்ற பொருளில் ஒரு தனித் தொகுப்பை ஆரம்பித்து, பல நாடுகளின் அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் சேகரிப்பு நாள்கள் நடத்தினார்கள். வீட்டில் இருக்கும் கடிதம், புகைப்படம், சமையல் குறிப்பு, எதையாவது கொண்டுவாருங்கள், கதையைச் சொல்லுங்கள், படம் பிடித்துக்கொண்டு பொருளைத் திருப்பித் தருகிறோம். முதல் உலகப் போர்க் குடும்ப நினைவுகளுக்காக ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2008-இல் கையாண்ட முறை. 2011-இல் ஜெர்மனியில் அதையே பெரிதாக்கினார்கள்.

எனக்கு ஒரு குறை உண்டு. இந்த மாதிரி நாள்களுக்கு வருபவர்கள் பெரும்பாலும் நன்றாக ஊன்றிவிட்டவர்கள். பாட்டியின் பெட்டி, தாத்தாவின் வயலின் என்று கொண்டுவருவார்கள். போன மாதம் அகதி மனு நிராகரிக்கப்பட்டவர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நிற்பாரா? ஐம்பது வருடம் கழித்து இந்தத் தொகுப்பைப் பார்ப்பவர், வந்தவர்கள் எல்லோருமே ஏதாவது வாத்தியம் வாசித்தார்கள் என்று நினைத்துக்கொள்ளக்கூடும்.

பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய வரலாற்று இல்லம் பார்த்ததையும் எழுதலாம், ஆனால் அன்று கால்வலி. சுவரில் எழுத்தே இல்லை, கையில் தரும் டேப்லெட்டில் 24 மொழி, அனுமதி இலவசம். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கடைசி நாள் இரவு. சோறு, மீன் குழம்பு, கீரைக்கடையல். இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். சித்தப்பா எழுந்து போய் டேனிஷ் பிஸ்கட் டின் ஒன்றை எடுத்துவந்தார். உள்ளே தையல் சாமான்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஒரு கேசட். நீல பால்பாயிண்ட் எழுத்தில் '88 தை, அம்மா'.

அவர் வந்தது 1985-இல். கொழும்பிலிருந்து மாஸ்கோ, அங்கிருந்து கிழக்கு பெர்லின், பிறகு நகர ரயிலில் மேற்கு பெர்லின். அப்போது நிறையப் பேர் வந்த பாதை அது. கடிதம் எழுதத் தெரியாத அம்மா பக்கத்து வீட்டு ரெக்கார்டரில் பேசி, யாரோ வந்தவர் கையில் கொடுத்து அனுப்பியது.

"கோழி கத்துற சத்தமும் கேக்கும்" என்றார். "இருபது வருசமாப் போடேல்லை. அறுந்துபோடுமெண்டு பயம்."

இதைத்தான் அந்தக் குடிபெயர்வுத் தொகுப்புக்காரர்கள் கேட்கிறார்கள், கொடுக்கலாமே என்றேன்.

"குடுத்தாத் திருப்பித் தருவினமோ?"

அன்றைக்கே தருவார்கள், நகல் மட்டும் எடுத்துக்கொள்வார்கள் என்றேன்.

கொஞ்ச நேரம் டின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். "அப்ப அம்மாவை எந்த நாட்டிலை போடுவினம்? அவ ஒரு இடமும் வரேல்லையே."

அட்டவணைப் பிரிவில் பதினேழு வருடம். பதில் வரவில்லை. பதிவான இடம், போய்ச்சேர்ந்த இடம் என்று இரண்டு கட்டம் இருக்கும் என்று என்னவோ சொல்லி வைத்தேன்.

நாடாவில் ஒரு சுருள் தளர்ந்து வெளியே தொங்கியது. மேசை டிராயரில் இருந்து ஒரு பென்சில் எடுத்துக் கேசட்டின் ஓட்டைக்குள் விட்டு மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தார். "நாளைக்குப் பழைய சாமான் கடையிலை ஒரு பிளேயர் கிடைக்குமோ பாப்பம். எத்தினை மணிக்கு உம்மடை ரயில்?"

பத்தரைக்கு என்றேன்.

"கடை பத்துக்குத்தான் திறப்பான்" என்றார், சுற்றுவதை நிறுத்தாமல்.