ஒரு க, எத்தனை சத்தம்

முப்பத்தாறு வயதில் அனா ஆவன்னா படிக்க உட்கார்ந்தேன். அதுவரை தமிழ் எனக்கு வாயில் மட்டும்தான், வீட்டில் பேசுவோம், கோயிலில் பேசுவோம், சண்டை போடுவதும் அதில்தான். எழுதப் படிக்கத் தெரிந்தது பர்மிய பாஷை மட்டும். அறுபதுகளின் நடுவில் தனியார் பள்ளிகளை பர்மிய அரசு எடுத்துக்கொண்டபோது இங்கே இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடங்களும் அதோடு போய்விட்டன. அதற்கு முன்னால் அஞ்சாங்கிளாஸ் முடித்துவிட்ட எதிர்வீட்டு அத்தைதான் எனக்கு வாத்தியார்.

முதல் வாரமே தகராறு. அத்தை நோட்டில் 'மகன்' என்று எழுதி வாசிக்கச் சொன்னார். நான் எழுத்துக் கூட்டி 'மக்கன்' என்றேன். அத்தை சிரித்த சிரிப்பில் வெற்றிலை தெறித்தது. தினமும் வாயில் புழங்குகிற சொல், எழுத்தில் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. காரணம் இருக்கிறது. பர்மிய எழுத்து மொத்தம் 33. அதில் க வரிசையில் சாதாரண க ஒன்று, மூச்சு விட்டுச் சொல்கிற க ஒன்று, தொண்டை அதிர்கிற க இரண்டு. முதல் க-வில் 'கா' என்று இழுத்தால் கார், மூச்சு விட்டு அதே 'கா'வைச் சொன்னால் கசப்பு. அப்படிப் பழகினவன் தமிழில் மற்ற மூன்று க எங்கே என்று தேடாமல் என்ன செய்வான்? "என்ன அத்தை, இவ்வளவு கஞ்சத்தனம்?" என்று கேட்டேன்.

"இடத்தைப் பார்த்து வாசிடா" என்றார். கடல், பகல், தங்கம், பக்கம் என்று நாலு சொல் எழுதிக் கொடுத்தார். முதலில் வந்தால் ஒரு சத்தம், நடுவில் வந்தால் ஒன்று, ங் பக்கத்தில் வந்தால் ஒன்று, இரட்டித்தால் ஒன்று. எனக்கு எரிச்சல்தான் வந்தது. எழுத்து என்றால் எழுதினபடி வாசிக்க வேண்டாமா, இதில் இடம் பார்ப்பது என்ன?

அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் நின்றபடி வெளியே போர்டு பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊர்ப் பெயர்தான், பிறந்ததிலிருந்து பார்க்கிற பெயர். (1755-இல் அலவுங்பயா மன்னர் வைத்தது, சண்டை முடிந்தது என்று அர்த்தமாம். எனக்கும் அத்தைக்கும் சண்டை அந்த ஊரில்தான் தொடங்கியது.) பர்மிய எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினால் அது ர, ன், கு, ன். ஆனால் வாசிப்பது யாங்கோன், நம் ஆட்கள் ரங்கூன் என்கிற ஊர். ர-வை ய என்கிறோம், மேற்குக் கரையோரத்து அரக்கான்காரர்கள்தான் இன்னமும் ர என்கிறார்கள், அது கிடக்கட்டும். எழுதியிருப்பது அந்த முதல் க, அதிராத க. சொல்வதோ அதிர்கிற க. முன்னால் ன் வந்ததால் வாய் தானாக மாற்றிக்கொள்கிறது! எந்த வாத்தியாரும் எனக்கு அதைச் சொல்லித் தந்ததில்லை, நானும் கவனித்ததில்லை. முப்பது வருஷமாக இடம் பார்த்துத்தான் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டேன். அன்றைக்கப்புறம் க, ச, ட, த, ப எதுவும் என்னைப் படுத்தவில்லை.

கொம்பு எனக்குக் கஷ்டமே இல்லை. எங்கள் எழுத்திலும் ஏ சத்தத்துக்கான குறி எழுத்துக்கு முன்னால்தான் நிற்கும், வாசிக்கும்போது பின்னால் போகும். அதோடு பின்னால் ஒரு காலும் போட்டால் ஓ மாதிரி ஒரு சத்தம். 'கொ' எழுதுவதும் அப்படித்தானே! இரண்டு எழுத்துக்கும் மூதாதை பிராமி, சாயல் இல்லாமல் போகுமா?

ல, ள, ழ மட்டும் இன்னும் வரவில்லை. பர்மிய எழுத்திலும் இரண்டு ல உண்டு, ஆனால் வாயில் இரண்டும் ஒன்றுதான், அதனால் என் காது அந்த வித்தியாசத்தைக் கேட்கவே கற்கவில்லை. 'ழ தமிழ்நாட்டிலேயே பாதிப் பேருக்கு வராது, விடு' என்பார் அத்தை. அவருக்கும் வராது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

போன மாதம் வாத்தியார் வேலை என் பக்கம் திரும்பியது. அத்தைக்குப் போனில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கையில் எழுதுகிற பழக்கத்தில் கொம்பை முதலில் தட்டுவார், உடனே பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வந்து உட்காரும். "இந்த வட்டம் எங்கேயிருந்துடா வருது?" என்று போனைத் தூக்கி அடிக்காத குறை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2019 அக்டோபரில் இங்கே ஜாவ்ஜி என்கிற பழைய பர்மிய எழுத்துருவை விட்டு யூனிகோடுக்கு மாறியபோது நானும் இதே மாதிரித் திண்டாடினவன். ஜாவ்ஜியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடிப்போம், யூனிகோடில் காதுக்குக் கேட்கிற வரிசை. "கண்ணை மூடிக்கிட்டு வாயால சொல்லுங்க அத்தை, முதல்ல வர்ற சத்தத்தை அடிங்க" என்றேன். க. அப்புறம் ஒ.

நேற்று சாயங்காலம் செய்தி வந்தது: "கொளுக்கட்டை செஞ்சிருக்கேன் வா." கொம்பு, கால் எல்லாம் சரியான இடத்தில். ளு-வை மட்டும் இரண்டு தடவை பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.